ஸ்பிரிங்வேலில் ஒரு நடமாடும் சேவை

மெல்பேர்ணுக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை, தங்கை சாந்தியின் முழங்காலைப் பார்க்கப் போனேன். வலது முழங்காலை எடுத்துவிட்டு வேறொன்று பொருத்தியிருந்தார்கள். அவளுடைய கணவர் தவம் நெடுந்தூர லொறி ஓட்டுகிறவர். ஒருமுறை புறப்பட்டால் வாரக்கணக்கில் வீட்டில் இல்லை. பிள்ளைகளும் இல்லை. "அக்கா, நீங்கள் வந்து பக்கத்தில நிண்டாலே போதும், கால் தானா நடக்கும்" என்று போனில் சொன்னாள். நான் ஓய்வுபெற்ற ஆள். யாழ்ப்பாணத்துப் பக்கம் ஒரு பிரதேச செயலகத்தில், ஆயுளின் பெரும்பகுதியைக் கவுண்டருக்கு உள்ளே கழித்தவள். கவுண்டருக்கு வெளியே நிற்பது எனக்குப் பழக்கமில்லை. இந்தப் பயணம் முழுவதும் எனக்கு வந்த கரைச்சல் அதுதான்.

போகிற வழியில் சிட்னியில் இறங்கினேன். விமான நிலையத்தில் கருவாட்டுப் பொட்டலத்தை ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். ஒரு அரச உத்தியோகத்தர் இன்னொரு அரச உத்தியோகத்தருக்குப் பொய் சொல்லக்கூடாது என்பது என் கொள்கை. இளம் அதிகாரி ஒருத்தி பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஒருமுறை மணந்தாள். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்! "இதை உண்மையாகவே சாப்பிடுவீர்களா?" என்று கேட்டாள். "ஒருநாள் வீட்டுக்கு வா, பொரித்துத் தருகிறேன்" என்றேன். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள்.

சிட்னியின் புறநகரான கிரவீனில் சித்தப்பாவின் மகன் வீட்டில் சில நாள் தங்கினேன். காலையில் இடியப்பமும் சொதியும், மாலையில் கோயில், இடையில் பக்கத்து வீட்டு அன்ரி வந்து ஊர்க்கதை. கடல் தாண்டி வந்திருக்கிறேன் என்பதே மறந்துபோயிற்று. நான் தமிழில் கேட்டதற்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொன்ன அந்த வீட்டுப் பிள்ளைதான் அவ்வப்போது நினைவூட்டினாள்.

மெல்பேர்ண் வேறு மாதிரி. சாந்தி இருப்பது ஸ்பிரிங்வேலில். கடைத்தெருவில் இறங்கினால் வியட்நாம் ஆட்கள், கம்போடிய ஆட்கள், சீனர்கள், நடுவில் நம் ஆட்களும். ரம்புட்டானைக் குவித்து வைத்துக்கொண்டு ஒருத்தி எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்காரி மாதிரியே கத்தினாள். பாஷைதான் வேறு. காலையில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு புறப்பட்டவள் மத்தியானம் அதைக் கையில் தூக்கிக்கொண்டு வியர்த்து வழிய வந்து சேர்ந்தேன். நாலு மணிக்கு மறுபடி குளிர். இந்த ஊர் வானத்துக்கு ஒரு நிதானமில்லை என்றேன். "உங்களைப் போலத்தான் அக்கா" என்றாள் சாந்தி. கால்தான் நோகிறது, வாய்க்கு ஒன்றும் வரவில்லை.

அடுத்த நாள் காலை, வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு ஒருத்தி உள்ளே வந்தாள். கட்டையான உருவம், உறுதியான கை, தலைமயிரைத் தூக்கி முடிந்திருந்தாள். நாற்பது வயது மதிக்கலாம். என்னைக் கண்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி: "சாப்பிட்டீர்களா?"

எனக்கு அந்த இடத்திலேயே அவளைப் பிடித்துவிட்டது. பெயர் மரிவிக். பிலிப்பைன்ஸில் இலோய்லோ பக்கத்து ஆள். பின்னேரம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை, காலையில் இப்படி வீடுகளுக்கு வந்து நோயாளிகளைக் குளிக்க வார்த்து, உடற்பயிற்சி செய்விப்பாள். வேலை கொடுத்தவர்களின் பொறுப்பில் எடுத்த தற்காலிக விசா. என்னை 'ஆத்தே' என்று கூப்பிட்டாள். அவர்கள் ஊரில் அக்காவுக்கு அதுதான் சொல்லாம்.

சாந்திக்கும் அவளுக்கும் தினமும் ஒரு சண்டை. சுவரைப் பிடித்துக்கொண்டு காலை மடக்க வேண்டும், நீட்ட வேண்டும். சாந்தி இரண்டு தரம் மடக்கிவிட்டுக் கதிரையில் இருந்துவிடுவாள். "நோகுது." "நோகத்தான் வேண்டும், இன்னொரு தரம்." "நாளைக்கு." "நாளைக்கு நாளைய பங்கு இருக்கிறது." நானும் என் பங்குக்குக் கத்துவேன். சாந்திக்கு இரண்டு பக்கமும் இடி. ஆனாலும் அசையமாட்டாள். சின்ன வயதிலிருந்தே அழுத்தக்காரி.

ஒருநாள் மரிவிக்கோடு கடைத்தெருவுக்குப் போனேன். மரக்கறிக் கடையில் ஒரு கட்டு முருங்கையிலை கிடந்தது. நான் கை நீட்ட, அவளும் கை நீட்டினாள். "இதை நீங்களும் சாப்பிடுவீர்களா?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டோம். கோழிச் சூப்பில் கடைசியில் தூவி இறக்குவார்களாம். அன்று பாதிக் கட்டு சூப்புக்கும் பாதிக் கட்டு தேங்காய்ப்பூ போட்ட வறைக்கும் போயிற்று. கருவாடு பற்றிச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். குசினியில் பொரித்தால் வீடு முழுக்க மணக்கும், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் பொலிசைக் கூப்பிடுவார் என்று சாந்தி பயப்பட்டாள். கராஜுக்குள் அடுப்பை வைத்துப் பொரித்தோம். மரிவிக் அங்கேயே நின்றபடி சுடுசோற்றோடு பிசைந்து கையால் சாப்பிட்டாள். "என் அப்பாவுக்கு இது இருந்தால் வேறொன்றும் வேண்டாம்" என்றாள். அப்பா மூன்று சக்கர வண்டி ஓட்டியவர், சண்டைச் சேவல் வளர்க்கிறவர், சேவலுக்குக் கொடுக்கும் கவனத்தைப் பெண்சாதிக்குக் கொடுக்காதவர். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை காலை வழமைபோல வந்தாள். சப்பாத்தைக் கழற்றினாள். சாந்தியைக் குளிக்க வார்த்தாள். காலை மடக்க வைத்தாள். துவாயை உதறிக் காயப்போட்டுவிட்டு என்னிடம் வந்து, "ஆத்தே, நேற்று ராத்திரி என் அப்பா இறந்துபோய்விட்டார்" என்றாள்.

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். "ஐயோ! பிறகேன் வேலைக்கு வந்தாய்? உடனே புறப்பட வேண்டாமா?"

"கடவுச்சீட்டு முடிந்துவிட்டது. நாளைக்குத் தேவாலய மண்டபத்துக்கு எங்கள் தூதரக ஆட்கள் வருகிறார்கள். புதுப்பிக்க முன்னமே பதிந்து வைத்திருக்கிறேன். அங்கே போய்க் கேட்கிறேன்."

"நாளைக்கா! அதுவரை அங்கே எப்படி?"

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். நான் அவளைப் புரியாமல் பார்த்தேன். எங்கள் ஊரில் இரவு உயிர் போனால் அடுத்த நாள் பின்னேரம் சாம்பல். ஐயர் நேரம் பார்ப்பார், சொந்தக்காரர் வெயிலைப் பார்ப்பார்கள், யாராவது ஒரு பெரியவர் "இனியும் வைச்சிருக்கக் கூடாது" என்பார். இவளானால் துவாயை உதறிக் காயப்போடுகிறாள். கல்மனசுக்காரி என்று ஒரு கணம் நினைத்தேன், மறைப்பானேன்.

"நகரத்தில் உங்கள் அலுவலகம் இருக்கிறதுதானே? எழும்பு, இப்பவே போவோம்" என்றேன்.

"ஆத்தே, இன்றைக்கு எங்கள் ஊரில்..."

"ஊரில் என்னவாவது இருக்கட்டும். எழும்பு!"

சாந்தி கதிரையில் இருந்தபடி, "அக்கா, அவள் சொல்லுறதைக் கேளுங்கோவன்" என்றாள். நான் யார் சொல்வதைக் கேட்டேன்! மரிவிக்கின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஸ்டேசனுக்கு நடந்தேன்.

ரயில் இல்லை. தண்டவாளத்தில் ஏதோ வேலையாம், அதற்குப் பதிலாகப் பஸ் விட்டிருந்தார்கள். மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் எல்லோரையும் சிரித்த முகத்தோடு தவறான வரிசைக்கு அனுப்பிவிட்டு, பிறகு அதே சிரித்த முகத்தோடு சரியான வரிசைக்கு அனுப்பினார். பஸ் ஒவ்வொரு ஸ்டேசன் வாசலுக்கும் வளைந்து வளைந்து போயிற்று. பக்கத்து இருக்கையில் ஒரு பெண் போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள்: "நடந்திருந்தால் இதற்குள் வந்திருப்பேன், ஆனால் சப்பாத்து புதிது." நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மரிவிக் அமைதியாக ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அலுவலகம் இருந்த மாடிக்குப் போனால் கதவு பூட்டு. அன்று பிலிப்பைன்ஸில் விடுமுறை. இங்கத்தைய விடுமுறையும் அவர்களுக்கு உண்டு, அங்கத்தைய விடுமுறையும் உண்டு. "அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றாள் மரிவிக். குரலில் கோபமில்லை. "கோப்பி குடிப்போமா, ஆத்தே?"

கோப்பிக் கடையில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. அவர்கள் ஊரில் இறந்தவரை உடனே எடுப்பதில்லை. உடலுக்கு மருந்தேற்றி, கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் வீட்டுக்குள்ளேயே வைப்பார்கள். ஒரு வாரமோ அதற்கு மேலுமோ. வாசலில் செத்தவரின் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கட்டுவார்கள். இரவெல்லாம் ஆட்கள் வந்து கோப்பி குடித்து, சீட்டு விளையாடி, விழித்திருப்பார்கள். வீட்டைக் கூட்டமாட்டார்கள்.

"கூட்டினால்?"

"இன்னொருவரையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போய்விடுமாம்."

"எங்களிடமும் எடுக்குமட்டும் கூட்டக்கூடாது" என்றேன். "ஆனால் ஒரு நாள்தான் குப்பை சேரும். உங்களுக்கு ஏன் இத்தனை நாள்?"

"பிள்ளைகள் வர வேண்டுமே, ஆத்தே" என்றாள், இதிலென்ன கேள்வி என்பதுபோல. "ஒரு அண்ணன் கப்பலில் வேலை. தங்கச்சி சவூதியில். நான் இங்கே. எங்கள் தெருவில் எந்த வீட்டை எடுத்தாலும் இதுதான். சவப்பெட்டிக்காரருக்கும் தெரியும், சுவாமியாருக்கும் தெரியும். எல்லோரும் வருமட்டும் அப்பா இருப்பார்."

ஆனால் முடிவில்லாமல் இருக்க முடியாது. கப்பல்கார அண்ணன் இப்போது விடுமுறையில் ஊரில்தான், புதன்கிழமை அவர் திரும்பக் கப்பலேற வேண்டும். அதனால் செவ்வாய்க்கிழமை பூசையும் அடக்கமும். மரிவிக் ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறினால் சரி. ஏறாவிட்டால் இல்லை. அவசரப்படாத ஆள் என்று நினைத்தேன், அவளுக்கும் ஒரு கெடு இருந்தது. அதை அவள் எனக்குச் சொல்லும்போதுதான் கோப்பியில் சீனி போடாமல் கலக்கிக்கொண்டே இருந்ததைக் கவனித்தேன்.

சனிக்கிழமை சாந்தியும் வருகிறேன் என்றாள். "அந்தக் காலோட எங்கயடி?" என்றேன். "வீட்டுக்குள்ள கிடந்து சுவரைப் பாக்கிறதிலும் அது பறவாயில்லை." நடைச்சட்டத்தோடு டாக்சியில் ஏற்றிக்கொண்டு போனோம்.

எங்கள் செயலகத்திலும் நடமாடும் சேவை என்று ஒன்று உண்டு. அலுவலகத்துக்கு வரமுடியாத சனங்களிடம் நாங்களே மேசை கதிரையோடு ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போவோம். பிறப்புச் சான்று, அடையாள அட்டை, முதியோர் கொடுப்பனவு எல்லாம் ஒரே இடத்தில். நான் எத்தனையோ நடத்தியிருக்கிறேன். ஆகவே அந்த மண்டபத்துக்குள் பரிசோதகர் மாதிரித்தான் நுழைந்தேன். மேசைகள் சுவரோரம், சரி. இலக்கச் சீட்டு, சரி. படம் எடுக்கும் கமரா வெளிச்சம் படாத மூலையில், மிகவும் சரி. நான் இதையெல்லாம் மனதுக்குள் குறித்துக்கொண்டு வர, மண்டபத்தின் மறுபக்கத்தைப் பார்த்துத் திகைத்துவிட்டேன். அங்கே ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாடு! தட்டுத் தட்டாக மெல்லிய நூடில்ஸ், சுருட்டிப் பொரித்த ரோல்ஸ், வினாகிரியில் வேகவைத்த இறைச்சி, வாழையிலையில் சுற்றிய அரிசிப் பலகாரம். யாரும் விற்கவில்லை. ஆளாளுக்கு வீட்டிலிருந்து சமைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். கடவுச்சீட்டு எடுக்க வந்த சனம்!

"எங்கட எம்பசி இருக்கிற ரோட்டாலயும் நான் கனகாலம் போனதில்லை, பயத்தில" என்றாள் சாந்தி. "இவை என்னெண்டால் தங்கட எம்பசி வருதெண்டு சமைச்சுக்கொண்டு வந்திருக்கினம்."

சாந்தி அகதியாக வந்தவள். பல வருடம் பதிலுக்குக் காத்திருந்து, பிறகுதான் குடியுரிமை கிடைத்தது. அந்தக் காலத்தைப் பற்றி அவள் அதிகம் பேசுவதில்லை.

மரிவிக் இலக்கச் சீட்டோடு வரிசையில் இருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. நேரே முன் மேசைக்குப் போய், அங்கிருந்த அதிகாரி அம்மாவிடம், "இந்தப் பிள்ளையின் அப்பா செத்துப்போனார், இவளை முதலில் எடுக்க வேண்டும்" என்று என் அலுவலக ஆங்கிலத்தில் போட்டேன். என் கவுண்டருக்கு அப்படி எத்தனை பேர் வந்திருப்பார்கள்! நான் அவர்களைப் பார்த்த அதே பார்வையோடு அந்த அம்மா என்னைப் பார்த்தார். பிறகு ஒரு தட்டில் நூடில்ஸை அள்ளி என் கையில் வைத்தார்.

"அவசரக்காரருக்கு வேறு மேசை இருக்கிறது. அந்தப் பெண் நேற்றே எங்கள் அவசர இலக்கத்துக்குப் போன் எடுத்துத் தன் பெயரைத் தந்துவிட்டார். நீங்கள் சாப்பிடுங்கள்."

போய் இருந்து சாப்பிட்டேன். வேறென்ன செய்ய? நன்றாகவே இருந்தது.

எனக்குப் பின்னால் தொழிலாளர் விவகார மேசை. வெல்டிங் வேலை செய்கிற ஒருவர் தன் மொழியில் ஏதோ சொல்ல, பக்கத்தில் இருந்த பெண் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். முதலாளி அவருடைய கடவுச்சீட்டைத் தன் அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறாராம். "அவருக்கு அந்த உரிமை இல்லை. திங்கட்கிழமை காலை நானே அவரோடு பேசுகிறேன், நீ பக்கத்தில் நில்" என்கிறாராம் அதிகாரி. அந்த மனிதர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து இருந்தார். "எங்களை எங்கள் நாட்டில் வீரர்கள் என்பார்கள்" என்றாள் அந்தப் பெண். "வெளிநாட்டில் உழைத்து அனுப்புகிறோமே, அதனால். வீரர்களுக்கும் வரிசைதான், என்ன!"

மரிவிக்கின் முதல் மேசை சுலபமாக முடிந்தது. பெட்டிக்காரர் கொடுத்த இறப்புச் சான்றை அண்ணன் போனில் அனுப்பியிருந்தார். தேவாலய அலுவலகத்தில் அதை அச்செடுத்துக் கொடுத்ததும், பழைய கடவுச்சீட்டின் காலத்தை நீடித்துக் கையிலேயே தந்தார்கள். ஊருக்குப் போகலாம்.

இரண்டாவது மேசையில்தான் சிக்கல். அவர்கள் நாட்டில் வெளிநாட்டில் வேலை செய்கிறவர் விடுமுறைக்கு வந்துவிட்டுத் திரும்பப் புறப்படும்போது, மணிலாவில் ஒரு சான்று காட்ட வேண்டும். இன்ன இடத்தில் முறைப்படி வேலை செய்கிறார் என்ற சான்று. ஏமாற்றுக்காரரிடம் ஆட்கள் சிக்கக்கூடாதென்று வைத்த ஒழுங்கு. நல்ல ஒழுங்குதான். ஆனால் மரிவிக் போன வருடம் வேலை மாறியவள். புதிய வேலையின் ஒப்பந்தத்தை இன்னும் பதியவில்லை. அதைச் சரிபார்க்க நாள் எடுக்கும். "நீங்கள் போகலாம்" என்றார் அந்த அதிகாரி. "ஒப்பந்தத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், உங்களுக்குப் பின்னாலேயே அனுப்ப முயற்சிக்கிறேன். ஆனால் அது வரும்வரை உங்களால் திரும்ப முடியாது. இல்லையென்றால் இங்கேயே நின்று முடித்துவிட்டுப் போங்கள்."

நிற்பதென்றால் அடக்கம் முடிந்துவிடும். போவதென்றால் விடுமுறை முடிவதற்குள் சான்று வரவேண்டும், வராவிட்டால் வேலையும் போகலாம், விசாவும் போகலாம். ஊரில் அவள் அனுப்புவதை நம்பித்தான் அம்மாவும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும்.

மரிவிக் எங்களிடம் வந்து இருந்தாள். முதன்முறையாக அழுதாள். சத்தமில்லாமல், துவாய்த் துண்டு ஒன்றை முகத்தில் வைத்துக்கொண்டு. நான் அவளுக்குப் புத்தி சொல்ல வாயைத் திறந்தேன். நில், வேலையைப் பார், செத்தவர் செத்தவர்தான், இருக்கிறவர்களைப் பார் என்றுதான் சொல்லியிருப்பேன். அதுதான் நியாயம். ஆனால் சாந்தி என் கையை இறுக்கிப் பிடித்துவிட்டு, அவளிடம் தன் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னாள்:

"மரிவிக், உன்ர அப்பா நீ வருமட்டும் பாத்துக்கொண்டு கிடக்கிறார். நீ போ."

மரிவிக் துவாயை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தாள்.

"நீ போ" என்றாள் மறுபடியும். "வேலை பிறகு தேடலாம்."

மரிவிக் எழும்பிப்போய் ஒப்பந்தத்தை அந்த மேசையில் கொடுத்தாள். அவள் அங்கே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது சாந்தி என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"அம்மா செத்தநேரம் எனக்கு இங்க ஒரு பேப்பரும் இல்லை. வெளிக்கிட்டால் திரும்பி வரேலாது, ஊரிலயும் இறங்கேலாது. 'எனக்காக வைச்சிருக்க வேண்டாம்' எண்டு நான்தான் உங்களுக்கு போனில சொன்னனான்."

"ஓம். சொன்னனீ."

"நீங்கள் 'சரி' எண்டு சொன்னீங்கள்."

"பங்குனி வெயிலடி. அடுத்த நாளே..."

"தெரியும் அக்கா. வைச்சிருந்தாலும் நான் வந்திருக்க மாட்டன். எல்லாம் தெரியும். ஆனாலும் 'இல்லையடி, நீ வருமட்டும் வைச்சிருக்கிறம்' எண்டு ஆராவது ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். பொய்க்காவது."

எழும்பிப் போய் அவளுக்கு ஒரு தட்டில் சோறும் அந்த வினாகிரி இறைச்சியும் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தேன். சாப்பிட்டாள். நல்லாயிருக்கு, கொஞ்சம் உறைப்புக் காணாது என்றாள்.

மரிவிக் பயணம் போகப் போகிறாள் என்ற செய்தி மண்டபத்தில் அதற்குள் பரவிவிட்டது. முன்பின் தெரியாதவர்கள் வந்து கட்டிப்பிடித்தார்கள். அவள் ஊர்ப் பக்கத்து ஆட்கள் சொக்கலேட், சவர்க்காரம், பிள்ளைகளுக்குச் சப்பாத்து என்று கொண்டுவந்து நீட்டினார்கள். செத்த வீட்டுக்குப் போகிறவளிடமா இதெல்லாம் என்று நினைத்தேன். அவள் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டாள். வெளிநாட்டிலிருந்து வெறுங்கையோடு எந்த வீட்டுக்கும் போகக்கூடாதாம், செத்த வீடானாலும். மறுநாள் விடைபெற வந்தவளிடம் என் பெட்டியில் மிச்சமிருந்த கருவாட்டை நானும் கொடுத்தேன். இந்த ஊர் அதிகாரிகள் கருவாட்டை உள்ளே விடத்தான் யோசிப்பார்கள், வெளியே போவதில் அவர்களுக்குச் சந்தோஷம்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் போனாள். வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, "ஆத்தே, கால் பயிற்சி" என்று சாந்தியைக் கண்ணால் காட்டினாள். "நான் பார்க்கிறேன், நீ போ" என்றேன். பார்த்தேன்தான். சாந்திதான் செய்யவில்லை. திங்கட்கிழமை முழுவதும் கதிரையில் காலை நீட்டியபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மரிவிக் வீடியோவில் எடுத்தாள். கறுப்புச் சட்டை. பின்னால் ஆட்கள், பூ, எங்கேயோ ஒரு சேவல் விடாமல் கூவிக்கொண்டிருந்தது. "அப்பாவின் சேவல்" என்றாள். "இரண்டு நாளாக இப்படித்தான்." பிறகு போனைத் திருப்பினாள். கண்ணாடிக்குள்ளே ஒரு மெலிந்த மனிதர், வெள்ளைச் சட்டை, வாரிய தலை. பெட்டிக்குப் பக்கத்தில் தங்கச்சி, கப்பல்கார அண்ணன், அம்மா. எல்லோரும் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். செத்த வீட்டில் கையசைக்கிற சனத்தை அன்றுதான் கண்டேன்.

"காத்திருந்தார், ஆத்தே" என்றாள் மரிவிக். "எல்லோரும் வந்துவிட்டோம். இனிக் கொண்டுபோகலாம்."

சான்று பற்றிக் கேட்டேன். இன்னும் வரவில்லை, தினமும் விசாரிக்கிறேன் என்றாள். ஒன்பதாம் நாள் செபம் முடியட்டும், பிறகு பார்ப்போம் என்றாள். பெட்டியைத் தூக்கும்போது அவளுடைய பிள்ளைகளை ஒவ்வொருவராக அதற்கு மேலாகத் தூக்கிக் கடத்தினார்கள். தாத்தா வந்து பயமுறுத்தாமல் இருக்கவாம். பிறகு படம் ஆடி ஆடிப் போய் நின்றுவிட்டது.

சாந்தி போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். கண்ணைத் துடைக்கவில்லை, வழிய விட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவை நான் கிடத்தியதும், நெற்றியில் விபூதி பூசியதும், வாசலில் யாராவது வருகிறார்களா என்று சும்மா ஒருதரம் எட்டிப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது.

பிறகு அவள் கேட்டாள்:

"அக்கா, நீங்கள் முதல் போனால், நான் வருமட்டும் கிடப்பீங்களோ?"

"கிடப்பன்."

"பொய்தானே?"

"பொய்யில்லை. ஐஸ்பெட்டி இப்ப ஊரில வாடகைக்குக் கிடைக்குது. நான் போனதும் விசாரிச்சு வைக்கிறன். ஐயருக்கும் சொல்லி வைக்கிறன், தங்கச்சி வருமட்டும் ஒருத்தரும் என்னைத் தொடக்கூடாது எண்டு. ஆனால் நீ கெதியா வந்து சேர வேணும். ஒரு இடத்தில கனநேரம் என்னால கிடக்கேலாது, உனக்குத் தெரியும்தானே."

அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். சிரிப்பு வந்ததும் அழுகை கூடிவிட்டது.

"அதுக்கேன் செத்தபிறகு?" என்றேன். "இப்ப உன்னட்டப் பேப்பர் இருக்குத்தானே. நான் இருக்கேக்கையே ஒருக்கா வாவனடி."

குடியுரிமை கிடைத்த பிறகும் அவள் ஒருநாளும் ஊருக்கு வந்ததில்லை. யாருக்காக வருவது என்பாள். அம்மா இல்லாத வீட்டுக்கு என்ன முகத்தோடு வருவது என்றும் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். நான் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போனேன்.

தண்ணீர் கொதிக்கும் சத்தத்துக்குள் நடைச்சட்டம் நகரும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கதிரையை விட்டு எழும்பிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு காலை மடக்கினாள், நீட்டினாள். மறுபடி மடக்கினாள். என் வாழ்நாளில் நான் வாயை மூடிக்கொண்டு நின்ற இடங்களில் அதுவும் ஒன்று.

"இந்தக் கால் மடங்கட்டும்" என்றாள், சுவரைப் பார்த்தபடியே. "வாறன்."